சாகிப்கஞ்சில் முதல் குளிர்காலம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கல்யாணமான கையோடு நாசரேத்திலிருந்து ஊழியத்துக்காக ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் பக்கம் வந்துவிட்டோம். அவர் ராஜ்மகால் மலையில் மால்தோ மக்களின் கிராமங்களுக்குப் போய்வருகிறார். நான் கீழே வாடகை வீட்டில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

முதலில் சின்ன விஷயம். இங்கே உஸ்னா என்று புழுங்கலரிசி கிடைக்கிறது, உளுந்தும் உண்டு. ஆனால் ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பச்சைத் தண்ணீர் மாதிரி அப்படியே இருக்கிறது. போர்வை சுற்றியும் பார்த்தாச்சு. குளிரில் புளிக்க என்ன செய்வீர்கள்? (அவருக்கு ரொட்டியே போதுமாம். எனக்குப் போதாது.)

அப்புறம், நான் ஐந்து மாதம். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வரச் சொல்லி அம்மா தினமும் போன். ஹவுராவில் மாறி, சென்னை வழியாகப் போனால் இரண்டு ராத்திரிக்குக் குறையாது. டாக்டரிடம் கேட்கத்தான் போகிறோம்; இருந்தாலும் இந்த வழியில் வயிற்றுப்பிள்ளையோடு போனவர்கள் எந்த மாதத்தில் கிளம்பினீர்கள்? ஹவுராவில் ஓய்வறை முன்பதிவு செய்தீர்களா? இங்கேயே பெற்றவர்கள் இருந்தால், துணைக்கு யார் வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.