திரையை எங்க கட்டுறது?

குழு: நம்ம குடும்பம்
சனிக்கிழமை, காலை

நான்: எல்லாருக்கும் வணக்கம். ஒரு சேதி, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. நம்ம ஊர் நூலகத்துல கூடுற புள்ளைங்க எல்லாம் சேர்ந்து வைகாசி மாசம் ரெண்டு ராத்திரி படவிழா நடத்தலாம்னு பேசியிருக்கோம். கூலி, சாதி, சாக்கடை வேலை, விவசாயம், பொம்பளைங்க படுற பாடுன்னு, நாலு பேர் வாழ்க்கை மாறணும்னு நெனச்சு எடுத்த படங்க மட்டும்தான். ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்குள்ள முடிச்சிடணும். ஆத்துல தண்ணி வந்துட்டா அப்புறம் நாத்தங்கால்தான், யாரையும் உக்கார வைக்க முடியாது.

பெரியப்பா: நல்ல காரியம் ஆயி. என்னென்ன படம்?

நான்: இன்னும் முடிவாகல பெரியப்பா. கடைசி விவசாயி, ராமையாவின் குடிசை (கீழ்வெண்மணி பத்தின ஆவணப்படம்), காக்கூஸ் (கையால மலம் அள்ளுறவங்களப் பத்தின ஆவணப்படம்), பரியேறும் பெருமாள். இந்த நாலும் பேச்சுல இருக்கு.

பெரியப்பா: தியாகபூமியையும் சேக்கப் பாருங்க. 1939ல வந்த படம். எடுத்த கே. சுப்ரமணியம் நம்ம பாபநாசத்துக்காரர். கொடுமப்படுத்துன புருஷன் கோர்ட்டுக்குப் போயி பொண்டாட்டிய கூட வாழச் சொல்லுன்னு கேக்குறான். அவ, 'வேணும்னா நான் அவருக்கு ஜீவனாம்சம் தர்றேன், கூட வாழ மாட்டேன்'னு நிக்கிறா. அந்தக் காலத்துல! வெள்ளக்காரன் தடை போட்டான். தடை உத்தரவு கைக்கு வர்றதுக்குள்ள ஜனங்க பாத்துடட்டும்னு சென்னை கெயிட்டி தியேட்டர்ல காசில்லாம ஓட்டியிருக்காங்க. வகுப்புல இத சொன்னா புள்ளைங்க நம்பவே மாட்டாங்க.

அண்ணன் திருப்பூர்: படம் போட்டு என்ன மாறப்போவுதுன்னு இங்க ரூம்ல ஒருத்தன் கேட்டான். என்ன பதில் சொல்றது?

நான்: இத சொல்லுண்ணே. 1966ல இங்கிலாந்து பிபிசியில 'கேத்தி கம் ஹோம்'னு ஒரு படம் போட்டாங்க, கென் லோச் எடுத்தது. வீடு இல்லாம ஒரு குடும்பம் சிதறிப்போறதுதான் கதை. ஒரே ராத்திரியில கோடிப் பேருக்கு மேல பாத்தாங்க. நாடாளுமன்றம் வரைக்கும் பேச்சாச்சு. ஆனா வீடில்லாதவங்களுக்கு வீடு கொடுக்கணும்கிற சட்டம் 1977லதான் வந்துச்சு. நடுவுல 11 வருசம் ஆளுங்க மனு போட்டு, சங்கம் வச்சு, அலைஞ்சிருக்காங்க. படம் ஆள எழுப்பிவிடும். எழுந்தவங்க நடக்கணும்.

அண்ணன் திருப்பூர்: சரி, அப்படியே அனுப்பிடுறேன்.

சித்தப்பா: எடம் நான் பாத்துட்டேன். கடைத்தெருவுல புது கல்யாண மண்டபம். ஏசி, மேடை, சவுண்டு எல்லாம் இருக்கு. ஓனர் தெரிஞ்சவர்தான், வாடகை வேணாம்னுட்டார். ரெண்டு பேனர் மட்டும் அவர் கம்பெனி பேருல வைக்கணுமாம்.

அண்ணி: சித்தப்பா, பாத்து வச்சதுக்கு நன்றி. ஆனா அங்க நம்ம தெரு ஜனம் வருமா?

சித்தப்பா: ஏம்மா வராது? யாரையும் வராதன்னு சொல்லலியே.

அத்தை: வராதன்னு சொல்ல மாட்டாங்கண்ணே. வாங்கன்னும் சொல்ல மாட்டாங்க. அங்கதான நூலக விழா வச்சாங்க? நான் போயிருந்தேன். நம்ம தெருப் பொம்பளைங்க பதினஞ்சு இருபது பேர் வாசல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தாங்க. முன்னாடி நாற்காலி வரிசை வரிசையா காலியா கெடக்கு. ஒருத்தரும் உக்காரல. பின்னாடி செவுத்தோட சாஞ்சு நின்னுக்கிட்டே இருந்தாங்க, முந்தானைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு. ஏசி குளிர்ல ஒரு கெழவி ரெண்டு கையையும் அக்குள்ல வச்சிருந்துச்சு. பாதியிலேயே ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டாங்க. நம்ம கதைய சொல்ற படத்த நம்ம ஆளுங்க நின்னுக்கிட்டு பாக்கணுமா?

அப்பா: அத்தை சொல்றது சரி.

நான்: அத்தை, இதத்தான் நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எந்தப் படங்கிறது ரெண்டாவது. திரைய எங்க கட்டுறோமோ அதுதான் யார் பாக்கப்போறாங்கன்னு முடிவு பண்ணுது. மண்டபத்துல கட்டுனா பெரிய தெரு வரும். நம்ம கோயில் தெடல்ல கட்டுனா நம்ம தெரு மட்டும் வரும், பெரிய தெரு எட்டிக்கூடப் பாக்காது.

தம்பி: கொள்முதல் நிலையம்?

நான்: ???

தம்பி: நெல் கொள்முதல் நிலையக் களம்க்கா. வைகாசியில சும்மாதான கெடக்கும். சிமெண்டுத் தரை, சுத்தி வேலி, கரண்டு இருக்கு. பெரிய தெரு நெல்லும் அங்கதான் கொட்டுறாங்க, நம்ம குத்தக நெல்லும் அங்கதான் கொட்டுறோம். டோக்கன் போட்டுக்கிட்டு ராத்திரி பூரா அவங்களும் நம்மளும் பக்கத்து பக்கத்துலதான படுத்துக் கெடக்குறோம், மழை வந்துடுமோன்னு வானத்த பாத்துக்கிட்டு. அங்க யாரும் யாரையும் எந்திரின்னு சொன்னதில்ல.

பெரியப்பா: தம்பி பிடிச்சான் பாரு!

அப்பா: அனுமதி வாங்கணும். நெல் கொள்முதல் பண்ற நுகர்பொருள் வாணிபக் கழக மண்டல ஆபீஸ்ல லெட்டர் கொடுக்கணும். ஸ்பீக்கருக்கு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கணும். நான் பாத்துக்குறேன்.

அண்ணி: சிமெண்டுத் தரை ராத்திரி எட்டு மணி வரைக்கும் கொதிக்கும் மாமா. சாயங்காலம் அஞ்சு மணிக்கே தண்ணி விட்டு ஆத்தணும். அப்புறம் படுதா விரிக்கலாம்.

சித்தப்பா: எல்லாம் சரி. காசு? மண்டபம் வேணாம்னா பேனர் காசும் கெடையாது. புரொஜெக்டர் வாடகை, சவுண்டு, ஜெனரேட்டர்.

நான்: பேனர் வேணாம் சித்தப்பா. உத்தரப் பிரதேசத்துல கோரக்பூர்ல 2006லேர்ந்து இப்படி ஒரு விழா நடக்குது. எந்தக் கம்பெனிகிட்டயும் காசு வாங்குறதில்ல, பாக்க வர்றவங்க போடுற காசுலதான் நடத்துறாங்க. கேரளாவுல டைரக்டர் ஜான் ஆபிரகாமும் அவர் கூட்டாளிங்களும் ஊர் ஊரா ஜனங்ககிட்ட கையேந்தி காசு சேத்து 1986ல அம்மா அறியான்னு ஒரு படமே எடுத்துட்டாங்க. எடுத்தத திரும்பவும் ஊர் ஊரா தூக்கிட்டுப் போயி போட்டாங்க. நம்ம மதுரையில ஆவணப்படம் எடுக்குற அமுதன் 1998லேர்ந்து ஆவணப்பட விழா நடத்துறார். நம்மகிட்ட தலைக்கட்டு வரி இருக்கு. காப்புக் கட்டுனா குடுக்குறோம்ல? இதுக்கும் முடிஞ்சத குடுக்கட்டும்.

அண்ணன் திருப்பூர்: ஜெனரேட்டர் வாடகை என் பொறுப்பு. இங்க நம்ம ஊர்ப் பசங்க எட்டு பேர் இருக்கோம், பிரிச்சுக்குறோம்.

சித்தப்பா: இன்னொன்னு. தப்பா எடுத்துக்காதீங்க. ராமையாவின் குடிசை வேணுமா? ரெண்டு தெருவும் ஒண்ணா உக்காந்திருக்கும்போது கீழ்வெண்மணிய போட்டா பழைய புண்ண கிளறுன மாதிரி ஆகும். விழாவே நின்னு போச்சுன்னா?

(கொஞ்ச நேரம் யாரும் எழுதல.)

பெரியப்பா: உன் பயம் புரியுதுடா தம்பி. ஆனா யோசி. 1968 டிசம்பர் 25. 44 உசுர குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பாதிக்கு மேல பொம்பளையும் புள்ளையும். கூலி கூடக் கேட்டதுக்கு. மறு வருசமே நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்துல நம்ம அப்பா கூலி வாங்கியிருக்கார். பெரிய தெருவுல இன்னைக்கு இருக்குற புள்ளைங்களுக்கும் அது தெரியணும். படம் எடுத்த பாரதி கிருஷ்ணகுமார் அதுல தப்பிச்சவங்களையே பேச விட்டிருக்கார். திட்டுறதுக்காக எடுத்த படம் இல்ல, என்ன நடந்துச்சுன்னு சொல்ற படம்.

அத்தை: போடணும். ஆனா முதல் நாள் வேணாம். முதல் நாள் கடைசி விவசாயி போடுங்க. அந்தப் பெரியவர் பயிர காப்பாத்த படுற பாட்டுல ரெண்டு தெருவும் தன்னையே பாக்கும். ஒரு ராத்திரி ஒண்ணா உக்காந்து எழுந்தவங்க மறுநாள் வெண்மணிய சேந்து பாப்பாங்க.

தம்பி: அப்பாயிகிட்ட கேட்டேன். குரல் பதிவு போட மாட்டேங்குறாங்க, சொல்ல சொல்ல டைப் பண்றேன்: "டூரிங் கொட்டாயில தரை டிக்கெட்டுக்கு மணல குமிச்சு மேல ஏறி உக்காருவோம். பின்னாடி இருக்குறவங்க கத்துவாங்க, கலைச்சுவிடுவோம். அது சந்தோசத்துக்குப் பாத்தது. வெண்மணி படத்த அப்படி பாக்க முடியாது. படம் முடிஞ்ச உடனே லைட்ட போட்டு வீட்டுக்கு அனுப்பாதீங்க. எனக்கும் பேச்சு இருக்கு."

நான்: அப்பாயி பேசட்டும். மொதல்ல அவங்கதான். பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேணாம்.

அண்ணி: காக்கூஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். 2017ல வந்தப்ப பல ஊர்ல போட விடல, தெரியும். அவசியமான படம்தான். கையால மலம் அள்ளக்கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தும் சாக்கடைக்குள்ள மூச்சு முட்டிச் சாகுறாங்க. ஆனா நம்ம பேரூராட்சியில தூய்மைப் பணி பாக்குற அக்காங்க எல்லாரும் நம்ம தெருதான். ஊர் பூரா பாக்கும்போது அந்தக் காட்சியில தன்னப் பாத்தா அவங்களுக்கு எப்படி இருக்கும்? மொதல்ல அவங்களுக்கு மட்டும் ஒரு நாள் எங்க வீட்டுல போட்டுக் காட்டுவோம். ஊருக்குக் காட்டலாமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும். வேணாம்னா வேணாம்.

நான்: அண்ணி, இது எங்க யாருக்கும் தோணல. அப்படியே செய்வோம். இந்தப் படத்துக்குச் சின்னப் புள்ளைங்கள உக்கார வைக்க வேணாம், பிணத்தையெல்லாம் காட்டுற எடம் இருக்கு.

அத்தை: பரியேறும் பெருமாள்?

நான்: அது இந்தத் தடவ இல்ல அத்தை. ஓடிடியில சந்தா கட்டியிருக்கோம்னு பொதுவுல போட்டுட முடியாது, உரிமை வச்சிருக்குறவங்ககிட்ட எழுத்துல வாங்கணும். கடைசி விவசாயிக்கு இன்னைக்கே எழுதுறேன். ஆவணப்படக்காரங்க கேட்டா பெரும்பாலும் குடுத்துடுவாங்க.

தங்கச்சி: நான் இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். இ-சேவை சென்டர்ல ஒரே கூட்டம். அக்கா, எழுந்தவங்க நடக்கணும்னு சொன்னல்ல? களத்து ஓரமா ஒரு மேசை போடு. நான் லேப்டாப்போட உக்காந்துக்குறேன். நம்ம தெருவுல பாதிப் பேருக்கு வீட்டுமனைப் பட்டா இல்ல. தூய்மைப் பணி பாக்குறவங்க நல வாரியத்துல பதியாம இருக்காங்க. படம் பாத்துட்டு மனசு சூடா இருக்கும்போதே மனு எழுதி, கைநாட்டு வாங்கி, ரசீது குடுத்துடுறேன். திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கட்டா கொண்டு போகலாம்.

பெரியப்பா: மனு எழுத நானும் உக்காருறேன். கையெழுத்து இன்னும் நல்லாத்தான் இருக்கு.

சித்தப்பா: மண்டபத்துக்காரர்கிட்ட வேணாம்னு நானே சொல்லிடுறேன். பெரிய தெருவுல கூப்பிடுறதும் என் வேலை. நோட்டீஸ் மட்டும் குடுத்தா வர மாட்டாங்க, வீடு வீடா போயி சொல்லணும். யாராவது ஒருத்தர் கூட வாங்க.

அத்தை: நான் வர்றேண்ணே. நம்ம தெருவுல பொம்பளைங்கள நான் கூட்டியாறேன். ஒண்ணே ஒண்ணு, ஏழு மணிக்கு ஆரம்பிச்சிடணும். காலையில வேலைக்குப் போகணும், பத்து மணிக்கு மேல கண்ண தொறந்து வைக்க முடியாது.

நான்: ஒரு ராத்திரிக்கு ஒரு படம்தான் அத்தை. ஏழுக்குத் தொடங்கிடுவோம்.

அப்பா: லெட்டர் எழுதிட்டேன், போட்டோ போடுறேன் பாருங்க. தேதி எடத்த விட்டு வச்சிருக்கேன். வைகாசி விசாகத்துல நம்ம கோயில் காவடி இருக்கு, அதுல மோதாம தேதி சொல்லுங்க. திங்கக்கிழமை திருவாரூர் போறேன்.

தம்பி: படுதா பெரிய தெருவுல வச்சிருக்காங்க, அறுப்புக்கு வாங்குனது. கேக்கவா?

சித்தப்பா: கேளு. குடுப்பாங்க.