வெற்றிலை போடுபவர்களிடம் உமிழ்நீர் மாதிரி: எங்கே கெடுகிறது?

கம்பம், ஆய்வகம்:
வாய்ப்புற்றின் அறிகுறியைத் தேடத்தான் உமிழ்நீர் எடுக்கிறோம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் மாதிரி பெரும்பாலும் குழாயில் விழும் முன்னரே கெட்டுவிடுகிறது. எடுப்பதற்கு 1 மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, டீ, வெற்றிலை, பல் துலக்குவது எதுவும் கூடாது. நேரம் காலை 9 முதல் 11 வரை. தோட்ட ஜீப் விடியும்போதே மலையேறிவிடும். வேலையில்லாத நாளில்தான் வரச் சொல்ல வேண்டும்.

வெறும் தண்ணீரில் கொப்பளித்து 5 நிமிடம் கழித்து, தலையைக் குனிந்து உட்கார வையுங்கள். "எச்சில் துப்புங்க" என்றால் காறித் துப்புவார்கள், சளிதான் வரும். "வாயில ஊறுறதை அப்படியே வழிய விடுங்கம்மா" என்று சொல்லுங்கள். 5 மி.லி. வேண்டும், நுரை கணக்கில்லை. நிமிடத்துக்கு 0.3 மி.லி. ஊறினால் கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். எலுமிச்சையைக் காட்டி ஊற வைக்காதீர்கள். நீர்த்துப்போய் அளவுகள் மாறிவிடும்.

போடி, ஆய்வகம்:
கம்பம் மேடம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் ஐஸில் இருக்கட்டும். 2,600 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 2,600 மடங்கு) 15 நிமிடம், 4 டிகிரியில் சுழலியில் (சென்ட்ரிஃபியூஜ்) வைத்துச் சுழற்றுங்கள். பலர் ஜி-யையும் சுற்று எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்கிறார்கள். சுழலியின் ஆரம் 10 செ.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 4,800 சுற்று, 15 செ.மீ. என்றால் 3,900 போதும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, 0.5 மி.லி. வீதம் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயை உருக்கி உருக்கி உறைய வைத்தால் புரதமும் ஆர்.என்.ஏ.வும் சிதையும். ரத்தம் கலந்த மாதிரி வேண்டாம். வெற்றிலைச் சிவப்பா ரத்தமா என்று கண்ணால் பிரிக்க முடியாது; சந்தேகம் வந்தால் இன்னொரு நாள் எடுங்கள்.

குமுளி, பல் மருத்துவர்:
உமிழ்நீரில் அளக்கும் இன்டர்லூகின்-8 என்ற அழற்சிப் புரதம் வாய்ப்புற்றில் கூடும். ஈறு வீங்கிச் சீழ் பிடித்தாலும் கூடும். ஈறின் நிலையைப் படிவத்தில் எழுதாமல் அனுப்பினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அதை நம்பி யாரையும் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான்.

திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கி 2005-இல் முடிவு வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. அதனால் குழாயை நீட்டும் முன் டார்ச்சை எடுங்கள். "போயிலையை எந்தப் பக்கம் அதக்குவீங்க?" என்று கேட்டு, அந்தக் கன்னத்தை இழுத்து, கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தைப் பாருங்கள். 2 வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத வாய், இதில் ஒன்று இருந்தாலும் உமிழ்நீர் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மேல்சிகிச்சைக்கு எழுதிக்கொடுங்கள்.