கருப்பட்டி போட்டுக் குடிச்சா சீனியை விட்டதா அர்த்தமா?

கோசோங்_தே:
தீபாவளிப் பலகாரத் திரியில நேத்து ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுலேர்ந்து வயித்தெரிச்சல். பேரு வேணாம்னு பார்த்தேன், பரவாயில்ல, பனங்காட்டு_நரிதான். அப்படியே ஒட்டுறேன்:

"3 மாசமா எங்க வீட்டுல சீனியே கிடையாது. காப்பி, டீ எல்லாத்துக்கும் ஒரு துண்டு கருப்பட்டிதான். 8 கிலோ இறங்கிட்டேன். ஸ்டீவியா, சுக்ரலோஸ்னு கெமிக்கல் குடிக்கிறவங்க ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்து வைங்க."

தம்பி, கருப்பட்டி என்ன காத்துல செஞ்சதா? பதநீரைக் காய்ச்சினா மிஞ்சுறதுல பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியும் சுக்ரோஸ். கண்ணுக்குத்தான் கலர் தெரியும், கணையத்துக்குத் தெரியாது. நான் 11 மாசமா கோசோங், அதாவது சிங்கப்பூர்க் காப்பிக்கடைப் பாஷையில சீனி இல்லாம. பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணிக்கு "தே ஓ கோசோங்"னு கேட்டா எங்க புளோக் காப்பிக்கடை அங்கிள் இன்னைக்கும் என்னைச் சாகப்போறவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறார். நாக்கைக் கட்டி 6 கிலோ குறைச்சவன் நான். இவர் கருப்பட்டியைச் சப்பிக்கிட்டே 8 கிலோவாம்.

கேள்வி ஒண்ணே ஒண்ணு. அந்த "ஒரு துண்டு" எத்தனை கிராம்?

பனங்காட்டு_நரி:
வணக்கம் அண்ணே. நான் எழுதினது சீனியை விட்டேன்னு. விட்டேன். இன்னைக்கும் வீட்டுல சீனி டப்பா காலி. கருப்பட்டி சீனி இல்லை, அவ்வளவுதான். அதுவும் சாதாரணக் கருப்பட்டி இல்ல, எங்க உடன்குடிக் கருப்பட்டி. ஜிஐ குறைவுன்னு ஊருக்கே தெரியும். அரசாங்கமே ஜிஐ குடுத்த சரக்கு.

அடிக்குறிப்பு:
இங்கே இரண்டு ஜிஐ குழம்பிக் கிடக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி பெற்றது புவிசார் குறியீடு. அந்தப் பொருள் அந்த ஊருக்கு உரியது என்பதற்கான சான்று அது. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்று சொல்லும் குறியீடு வேறு. காஞ்சிபுரம் பட்டுக்கும்தான் புவிசார் குறியீடு இருக்கிறது, அதைக் கரைத்துக் குடிக்க முடியுமா?

முதலில் "சீனி" என்றால் எது என்று வரையறுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டியில் நாம் சேர்க்கும் சீனி, தேன், பாகு, பழச்சாறு எல்லாம் ஒரே கூடை. ஒரு நாள் சக்தியில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. அந்த 5 என்பது ஏறத்தாழ 25 கிராம். இந்த வரையறையை எல்லாரும் ஏற்றால் மேலே பேசலாம்.

கோசோங்_தே:
வரையறை எல்லாம் அப்புறம் சார். துண்டு எத்தனை கிராம்?

தேக்கா_ராணி:
நான் ஒதுங்கிப் போகலாம்னுதான் இருந்தேன். "ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்து வைங்க"ன்னு எழுதின கையைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி. எனக்கு இனிப்புநீர் வந்து 5 வருஷம். பலதுறை மருந்தகத்துல உணவு ஆலோசகர் பக்கத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. மூணு மாசச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டுற எச்பிஏ1சி 7.8ல இருந்து 6.5. எடை 4 கிலோ கம்மி. காலையில காப்பிக்கு ஒரு பாக்கெட் ஸ்டீவியா, விசேஷத்துக்குப் பாயசம் வச்சா சுக்ரலோஸ். அஸ்பார்டேம் போட்டுக் கொதிக்க விட்டா இனிப்பு பறந்திடும். எனக்கு எப்படித் தெரியும்னா, மாமனார் திதிக்கு வச்ச பாயசத்துல அதைப் போட்டு நாத்தனார் முன்னாடி மானம் போச்சு. 8 வருஷம் இருக்கும், இன்னும் சொல்லிக் காட்டுறா.

ஸ்டீவியா கெமிக்கல் இல்ல. பராகுவே நாட்டு இலை.

கோசோங்_தே:
அக்கா, இலைங்கிறீங்க. பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சீங்களா? பாதிக் கம்பெனி டெக்ஸ்ட்ரோஸ்ங்கிற குளுக்கோஸ், இல்லன்னா மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கிற மாவுச்சத்துப் பொடி கலந்துதான் விக்கிறான். ஸ்டீவியாச் சத்து சீனியைவிட 200, 300 மடங்கு இனிப்பு. அதைத் தனியாப் போட்டா பாக்கெட்டுல ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், அதனால மாவு அடைக்கிறாங்க. நீங்க குடிக்கிறது இலை வாசம் பட்ட குளுக்கோஸ். நான் யார் பக்கமும் இல்ல. கோசோங்னா கோசோங்.

தேக்கா_ராணி:
ஒரு பாக்கெட் 1 கிராம். முழுக்க முழுக்க டெக்ஸ்ட்ரோஸா இருந்தாலும் 4 கலோரி. உங்க கோசோங் தேயில ஒரு ஈ விழுந்தா அதைவிட அதிகம் வரும்.

பனங்காட்டு_நரி:
ஈயாவது இயற்கை. அஸ்பார்டேம் புற்றுநோய் வரவைக்கும்னு 2023ல உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. அதே வருஷம் எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்பாதீங்கன்னும் சொல்லிடுச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

அடிக்குறிப்பு:
பாதியைச் சொல்லிவிட்டுப் போவது இந்தத் திரியின் வழக்கமாகிவிட்டது. 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 2பி பிரிவில் வைத்தது. அதாவது "காரணமாக இருக்கக்கூடும், சான்று போதவில்லை." அதே நாளில் உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ ஆள் தினமும் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். ஆசிய ஊறுகாய்க் காய்கறிகளும் அதே 2பி பிரிவில்தான் இருக்கின்றன.

மே மாத வழிகாட்டி, எடைக் கட்டுப்பாட்டுக்காக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது உண்மை. ஆனால் அது நிபந்தனையுள்ள பரிந்துரை. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே ராணி அம்மாவுக்கு அது...

செம்பவாங்_ஆத்தா:
ஊறுகாய்க்குமா புற்றுநோய்?? நான் போன வாரம்தான் மாங்காய் 3 கிலோ போட்டு வச்சேன்.

அடிக்குறிப்பு:
மாங்காய் ஊறுகாய் இல்லை அம்மா. சீன, கொரிய வகையில் காய்கறியை உப்பில் ஊறப்போடுவது.

செம்பவாங்_ஆத்தா:
அப்போ கிம்ச்சியா? என் பேத்தி கிம்ச்சி இல்லாம சோறே தின்ன மாட்டா.

கோசோங்_தே:
ஆத்தா, கிம்ச்சிக்கு வேற திரி போடுங்க. இங்க கேள்வி நிலுவையில இருக்கு. துண்டு எத்தனை கிராம்?

பனங்காட்டு_நரி:
கைக்கணக்கு அண்ணே. எங்க ஆச்சி கைக்கணக்கு. 91 வயசு, இன்னைக்கும் கருப்பட்டிக் காப்பி, கண்ணாடி போடாம ஊசியில நூல் கோக்குது. அதுகிட்டப் போய் கிராம் கேளுங்க.

கோசோங்_தே:
உங்க ஆச்சி விறகு சுமந்தாங்க, தண்ணி எடுத்தாங்க, காடு கழனின்னு நடந்தாங்க. நீங்க மின்தூக்கியில இறங்கி எம்ஆர்டி ரயில்ல உட்கார்ந்து ஆபீஸ்ல போய் மறுபடி உட்கார்றீங்க. ஆச்சியோட துண்டு வேற, உங்க துண்டு வேற.

சரி, சிங்கப்பூர்க் கணக்கே போடுறேன். பானத்துக்கு 'ஏ'லேர்ந்து 'டி' வரைக்கும் தரம் போடுற நியூட்ரி-கிரேட் முத்திரை பாக்கெட் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30ல வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சுக் கடையில கலக்கிக் குடுக்கிறதுக்கும் வந்துச்சு. 100 மில்லிக்கு 10 கிராம் சீனியைத் தாண்டினா 'டி', அதுக்கு விளம்பரமே போடக் கூடாது. 150 மில்லி தம்ளர்ல உங்க துண்டு 15 கிராம்னு வைங்க. கிட்டத்தட்ட 'டி' வாசல்ல நிக்குது உங்க ஆச்சி காப்பி. அதான் கேக்கிறேன், எத்தனை கிராம்?

பனங்காட்டு_நரி:
அந்த நியூட்ரி-கிரேட்ல இனிப்பூட்டி போட்ட பானத்துக்கு 'ஏ' கிடையாது தெரியுமா அண்ணே? சீனி சுழியமா இருந்தாலும் 'பி'தான். ஏன்? அரசாங்கத்துக்கே அதும்மேல சந்தேகம். ராணி அக்கா பதில் சொல்லட்டும்.

தேக்கா_ராணி:
சந்தேகம் இல்ல தம்பி, நாக்கு இனிப்புக்கே பழகிடக் கூடாதுன்னு. உங்க கருப்பட்டிக்கு மட்டும் 'ஏ' குடுத்தாங்களா? நான் 'பி' குடிச்சிட்டுச் சந்தோஷமா இருக்கேன். நீங்க 'டி' குடிச்சிட்டு எனக்கு 'ஏ' இல்லன்னு அழறீங்க.

செம்பவாங்_ஆத்தா:
ஒரு சந்தேகம். எங்க அம்மா வெள்ளைச் சீனியை அஸ்கான்னு சொல்லும். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம்தானே போடுறோம்? அப்போ சர்க்கரைன்னா வெல்லம். நரித் தம்பி சீனியைத்தான் விட்டேன்னு சொன்னாரு, சர்க்கரையை விட்டேன்னு சொல்லலையே. அவர் சொன்னது ஒரு வகையில சரிதானே?

பனங்காட்டு_நரி:
ஆத்தாவுக்குப் புரிஞ்சது அண்ணனுக்குப் புரியல. மொழி தெரிஞ்சவங்களுக்குத்தான் இது புரியும். ஊர்ல ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு, இங்க எல்லாத்தையும் சீனின்னு ஒரே டப்பாவுல கொட்டிட்டாங்க.

கோசோங்_தே:
வந்துட்டாருய்யா. எங்க தாத்தா கப்பல்ல வந்து இறங்கினவர். மூணு தலைமுறையா இங்க சீனின்னா சீனிதான், பள்ளிக்கூடத்துலயும் சீனி, காப்பிக்கடையிலயும் சீனி. எனக்குத் தமிழ் சொல்லிக் குடுக்க விமானத்துல வந்தவர் வேணாம்.

பனங்காட்டு_நரி:
மூணு தலைமுறைக் கதை இன்னும் வரலையேன்னு பார்த்தேன். போன வருஷம் தோசைத் திரியிலயும் இதே தாத்தா, இதே கப்பல். அன்னைக்குத் "தோசையா, தோசேயா"ன்னு நாலு நாள் சண்டை போட்டீங்க, கடைசியில நிர்வாகி வந்து பூட்டினாரு. மறந்துடுச்சா?

கோசோங்_தே:
மறக்கல. அன்னைக்கும் நான் கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லல. இன்னைக்கும் சொல்லல. எத்தனை கிராம்?

சும்மா_பார்க்கிறேன்:
முறுக்கு டப்பாவோட ரெண்டு நாளா உட்கார்ந்திருக்கேன், முறுக்கு தீந்துபோச்சு. நான் வேலை பார்க்கிறது சிராங்கூன் ரோடு நகைக்கடையில. மதியம் கூட்டம் இல்லாதப்போ கருப்பட்டி ஒண்ணு வாங்கி, சாதாரணமா ஒடைக்கிற மாதிரி ஒடைச்சு, ஒரு துண்டைத் தங்கத் தராசுல வச்சேன். 14.62 கிராம். முதலாளி பார்த்துட்டாரு. தராசுல எறும்பு ஏறுதாம்.

கோசோங்_தே:
வாழ்க! உங்க கைக்கு வைரக் காப்பு போடணும். கேட்டுக்குங்க: 14.6 கிராம், ஒரு நாளைக்கு 4 தம்ளர், 58 கிராம். அடிக்குறிப்பு சார் சொன்ன 25ஐ ரெண்டு தடவை தாண்டியாச்சு. கிராமுக்குக் குறைச்சுப் போட்டு 3.8 கலோரின்னா நாளைக்கு 220. 90 நாளைக்கு 20,000கிட்ட. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700ன்னு பொதுவா சொல்ற கணக்குல பார்த்தா, ரெண்டரைக் கிலோ ஏத்துற சரக்கு. இவர் 8 கிலோ இறங்கினாராம்!

பனங்காட்டு_நரி:
அது அவர் துண்டு. என் துண்டு இல்ல. 4 தம்ளர்னு நான் எங்க சொன்னேன்?

கோசோங்_தே:
அப்போ உங்க துண்டு எத்தனை கிராம்? எத்தனை தம்ளர்?

தேக்கா_ராணி:
நான் ஒண்ணு கேக்கவா? நடைப்பயிற்சித் திரியில இதே நரித் தம்பி எழுதினதைத் தேடி எடுத்தேன்: "ராத்திரி 11 மணிக்கு பிராட்டா கோசோங் ரெண்டு, மீ கோரெங் ஒரு தட்டு, அடியோட நிறுத்தியாச்சு. தினம் 9,000 அடி நடக்கிறேன்." பிராட்டா கோசோங்னா உள்ள எதுவும் வைக்காத வெறும் பரோட்டா. தேதியைப் பார்த்தா அதே 3 மாசம். 8 கிலோ எப்படிப் போச்சுன்னு இப்பத் தெரியுது.

பனங்காட்டு_நரி:
அது வேற விஷயம்.

கோசோங்_தே:
"அது வேற விஷயம்"!! இதை எழுதி ஃபிரேம் போட்டு மாட்டணும். கோசோங்தான் இவரைக் காப்பாத்தியிருக்கு, பிராட்டா கோசோங்.

பனங்காட்டு_நரி:
சிரிங்க. பிராட்டாவை நிறுத்த முடிஞ்சதே கருப்பட்டிக் காப்பியாலதான். ராத்திரி பசிச்சா ஒரு காப்பி, அடங்கிடும். உங்க தே ஓ கோசோங் குடிச்சா எனக்கு நாலு பிராட்டா கேக்கும். 11 மாசத்துல 6 கிலோ குறைச்ச நீங்க, 3 மாசத்துல 8 குறைச்சவனுக்கு வகுப்பு எடுக்கிறீங்க.

கோசோங்_தே:
நான் குறைச்சது நிக்கும். இருந்து பார்ப்போம்.

அடிக்குறிப்பு:
ராணி அம்மாவைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் பாதியில் நிற்கிறது. யாராவது முடிக்க விடுவீர்களா? மேலும் எரித்ரிடால் என்ற இனிப்பூட்டி பற்றி 2023இல் வந்த ஆய்வை யாருமே...

செம்பவாங்_ஆத்தா:
நரித் தம்பி, தீபாவளி அதிரசத்துக்கு ஒரு கிலோ கருப்பட்டி வேணும். நல்லது எங்க கிடைக்கும்? போன தடவை வாங்கினது ஒரே மண்ணு.

பனங்காட்டு_நரி:
ஊர்லேர்ந்து மச்சான் வர்றாரு ஆத்தா, சொல்லி வாங்கியாரச் சொல்றேன். கிலோ கணக்குலதான் வரும், துண்டாக் குடுத்தா இங்க ஒருத்தர் பில்லு கேப்பாரு.

தேக்கா_ராணி:
அதிரசத்துக்கு மட்டும் என் சுக்ரலோஸ் ஆகாது ஆத்தா, பாகே வராது. 600 மடங்கு இனிப்பு இருந்து என்ன, கம்பிப் பதத்துக்கு இழுக்கச் சரக்கு வேணுமே. எனக்கும் அரைக் கிலோ சொல்லி வைங்க, வீட்டுக்கு வர்றவங்களுக்குத்தான்.

செம்பவாங்_ஆத்தா:
அதிரசத்துக்குக் கம்பிப் பதம் இல்லம்மா, உருட்டுப் பதம். தண்ணியில விட்டா உருண்டு நிக்கணும்.

தேக்கா_ராணி:
எங்க வீட்டுல கம்பிப் பதம்தான் ஆத்தா. 30 வருஷமா சுடுறேன்.

கோசோங்_தே:
அரைக் கிலோவா? அக்கா, நீங்களுமா?