எட்டு வசனம் போதும்

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் (கோலாலம்பூர்):
வேதத்தை வாசித்துச் செபிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுமாறுவது அளவில்தான். ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்ற அட்டவணைப்படி போனால் தினமும் மூன்று நான்கு அதிகாரம் வரும். நல்ல பழக்கம், ஆனால் அது வேறு வேலை. செபவாசிப்புக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வசனம் எடுத்தால் போதும். சங்கீதம் 119 இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும்: 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி.

வாசிப்பு, தியானம், செபம், இறைப்பிரசன்னத்தில் அமைதி என்று நான்கு படிகளை 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவற சபையைச் சேர்ந்த இரண்டாம் குய்கோ எழுதி வைத்தார். இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். தூய ஆவியாரை அழைத்துவிட்டு, முதல் முறை வாய்விட்டு வாசியுங்கள். என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். இரண்டாம் முறை மெதுவாக வாசிக்கும்போது மனம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்று, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாம் முறைக்குப் பிறகுதான் ஆண்டவரிடம் பேச்சு.

உதாரணத்துக்கு மாற்கு 10:46-52, பர்த்திமேயு பகுதி. இயேசுவைக் கூப்பிடும் பார்வையற்ற பிச்சைக்காரரைக் கூட்டம் அதட்டி அடக்கப் பார்க்கிறது. வாசித்த உடனே பலர் "கூட்டத்தைப்போல நாமும் பிறரைத் தடுக்கக்கூடாது" என்று பாடம் எடுக்கப் போய்விடுவார்கள். அது பிரசங்கத் தயாரிப்பு. பார்வை இல்லாதவரிடமே, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்கிறாரே, அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் என்ன? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். செபம் அங்கேதான் தொடங்குகிறது.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா (பினாங்கு):
அண்ணே, ஒன்று சேர்க்கிறேன். அதே கேள்வியைச் சற்று முன்னால், 10:36-இல், சீடர்கள் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் கேட்டது சிம்மாசனத்துக்குப் பக்கத்து இடம். அதனால் எந்தப் பகுதியானாலும் முந்தின பத்து வசனத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். விளக்கவுரையைச் செபம் முடிந்த பிறகு திறந்தால் போதும். முன்னால் திறந்தால் புத்தகம்தான் பேசும்.

அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில், செய்வதானால் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். தமிழ் புரிந்தும் எழுத்து தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய. முதல் வாசிப்பைப் பெரியவர் தமிழிலும், இரண்டாவதைப் பிள்ளை மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கட்டும். பகிர்வில் ஆளுக்கு ஒரு நிமிடம். மற்றவர் சொன்னதற்கு மறுமொழியோ அறிவுரையோ கூடாது. இந்த விதி தளர்ந்தால் பத்தே நிமிடத்தில் விவாத மேடை ஆகிவிடும். ஜூலை 26 எங்கள் ஊர்ப் புனித அன்னாள் திருவிழாவை ஒட்டி உறவுக்காரர்கள் வந்து வீடு நிறையும்போது நான்கு வசனமாகக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்த வேண்டாம்.

செந்தூல் அன்பர் (கோலாலம்பூர்):
அக்கா சொன்னது சரி. தனியாகச் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். இராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்; காலையில், நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். எல்ஆர்டி ரயிலில் வாசிப்பு வேண்டாம், ஆனால் காலையில் மனதில் நின்ற சொல்லை மறுபடி சொல்ல கேஎல் சென்ட்ரல் ரயில் நிலைய நெரிசல் ஒன்றும் தடையில்லை. கைப்பேசியில்தான் வேதாகமம் என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள்.

நோட்டில் தேதி, வசன எண், ஒரு வரி. பக்கம் பக்கமாக எழுதினால் அது படிப்பாகிவிடும். வறண்ட நாளில் உணர்ச்சியை வரவழைக்கப் பார்க்காமல், மூன்று வாசிப்பையும் முடித்து எழுந்துவிடுங்கள். புதியவர்கள் யோபுவிலோ வெளிப்படுத்தின விசேஷத்திலோ தொடங்க வேண்டாம். மாற்குவில் தொடங்கலாம், 16 அதிகாரம்தான்; நாளுக்கு எட்டு வசனம் என்றால் ஏறக்குறைய மூன்று மாதம் வரும்.