பாதியில் நின்ற ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி பின்னலாமா?

ஊசிநூல்: 2 வயதுப் பையனுக்கு ஆரம்பித்தது. முதுகு முடிந்தது, முன்பக்கம் அக்குள் வரை வந்து, 4 மி.மீ. ஊசியிலேயே 7 வருஷமாகக் கிடக்கிறது. டி.கே. நூல் (நடுத்தரத் தடிமன்), மொத்தம் 200 கிராம். லேபிள் இல்லை, உல்லனா அக்ரிலிக்கா தெரியவில்லை. இரண்டு இடத்தில் பூச்சி அரித்த மாதிரி இருக்கிறது. இப்போது அவனுக்கு 9 வயது. இதே நூலில் அவனுக்கே பின்ன முடியுமா? பிரித்தால் நூல் நூடுல்ஸ் மாதிரி வருகிறது, அதற்கு என்ன செய்வது?

மலைக்குளிர்: முதலில் பூச்சியைக் கவனியுங்கள். காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், ஒரு வாரம். திறந்த அலமாரியில் போடும் பாச்சை உருண்டையை நம்பாதீர்கள், ஆவி வெளியே போய்விடும்.

பிறகு 5 செ.மீ. துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம், தேய்த்தால் பொடியாகும் சாம்பல் என்றால் உல்லன். உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக்.

முதுகுப் பக்கத்தைக் கடைசியில் முடித்த தோளிலிருந்துதான் பிரிக்க வேண்டும். மற்ற தோளிலோ, தொடங்கிய ஓரத்திலோ இழுத்தால் ஒவ்வொரு வரிசையும் சிக்கும். ஓரங்களில் பஞ்சு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், கத்தரி நுனியால் அந்தப் பஞ்சை மட்டும் வெட்டுங்கள்.

பந்தாகச் சுற்றாதீர்கள். நாற்காலி முதுகில் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, வெள்ளைப் பருத்தி நூலால் நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கலர் நூல் என்றால் சாயம் ஏறலாம். உல்லனாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு அரை மணி ஊறவிட்டு, அதே சூட்டுத் தண்ணீரில் அலசுங்கள். பிழிய வேண்டாம், துண்டில் சுற்றி அழுத்தி நிழலில் தொங்கவிடுங்கள். சீக்கிரம் நிமிரட்டும் என்று அடியில் எடை கட்டுவார்கள். அப்படி இழுபட்ட நூல் முதல் துவைப்பிலேயே பழைய நீளத்துக்குத் திரும்பும், ஸ்வெட்டர் சிறுத்துவிடும்.

அக்ரிலிக் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது. இஸ்திரிப் பெட்டியை 3 செ.மீ. மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். தொட்டால் நூல் தொளதொளத்துப் பளபளக்கும், பிறகு மீளாது.

கண்ணிக்கணக்கு: பிரிக்கலாம், ஆனால் நூல் போதாது. 2 வயதுக்குச் சுற்றளவு 60, நீளம் 34 செ.மீ. என்று வையுங்கள், 9 வயதுக்கு 76, 48. பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு, அதாவது 360 கிராம். உடல் பகுதி மட்டுமே 220-க்கு மேல் கேட்கும். 7 வருஷத்துக்கு முந்தைய சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்) இனி கிடைக்காது. அதே நிறத்தைத் தேடுவது வீண் வேலை. அடி ரிப் (இழுபடும் வரிப் பின்னல்), கழுத்து, இரண்டு கை எல்லாம் வேறு நிறத்தில் போடுங்கள், திட்டமிட்டதுபோலவே இருக்கும்.

ஊசிநூல்: கொளுத்திப் பார்த்தேன். முடி நாற்றம் வருகிறது, ஆனால் சின்ன மணியும் இருக்கிறது.

மலைக்குளிர்: அப்படியானால் கலவை. பூச்சி கண்டதும் அதனால்தான், சுத்த அக்ரிலிக்கை அது சாப்பிடாது. உல்லன் போலவே ஊறவையுங்கள், இஸ்திரி மட்டும் படவே கூடாது. நூல் முனைகளை எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து ஒட்டும் முறை கலவையில் நிற்காது. அரித்த இடத்தில் நூலை அறுத்து, இரண்டு முனையையும் சேர்த்து 7 கண்ணி பின்னுங்கள். அறுத்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மீட்டர் லேசாக இழுத்துப் பாருங்கள். பாதி அரித்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணிக்கணக்கு: பழைய கணக்கில் கண்ணி ஏற்றாதீர்கள். 7 வருஷத்தில் கை இறுக்கம் மாறியிருக்கும். 15 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்துக் காய்ந்தபின் நடுவில் 10 செ.மீ. எண்ணுங்கள். 22 கண்ணி வந்தால் முன்பக்கம் 38 செ.மீ.க்கு 84, 2-க்கு 2 ரிப் (2 நேர், 2 எதிர்க் கண்ணி) இரு ஓரமும் ஒரே மாதிரி முடிய 86 ஏற்றுங்கள். 24 வந்தால் ஊசியை 4.5-க்கு மாற்றி இன்னொரு சதுரம்.

ஊசியில் தொங்கிய அந்தக் கடைசி வரிசை நூல் மட்டும் தேய்ந்து கறுத்திருக்கலாம். அதை வெட்டி எடுத்துவிடுங்கள், சிட்டம் கட்ட உதவும்.

மலைக்குளிர்: அதைச் சிட்டம் கட்டப் பயன்படுத்த வேண்டாம், அந்தக் கறுப்பு ஊறும்போது பரவும்.