மேடை இருட்டுல தெரியுற ஆம்ப் நாப்: "நின்றொளிர் முள்" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்) சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கத் திருப்புற குமிழ் தான் நாப், அது மேடை இருட்டுலயும் தெரியுற மாதிரி இருந்தா அதுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு தேடிக்கிட்டு இருக்கோம். அதுல ஒருத்தர் இப்படி எழுதியிருந்தார்:

> இருட்டில் தெரிகிற நாப்-க்கு "இருட்தெரிவுக் குமிழ்" என்று வைக்கலாமே

இதுல எனக்கு ரெண்டு தயக்கம். ஒண்ணு, இருளும் தெரிவும் சேந்தா புணர்ச்சிப்படி இருட்டெரிவுன்னு தான் ஆகும், படிக்கிறவங்க இருட்டு எரியுதுன்னு பிரிச்சுடுவாங்க. அது சின்ன விஷயம். பெரிய தயக்கம் என்னன்னா, இருட்டுல தெரிய வேண்டியது குமிழ் இல்ல, குமிழ் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கறது தான். முழு நாப்பும் பளிச்னு ஒளிர்ந்தாலும் அது நாலுல நிக்குதா ஏழுல நிக்குதான்னு தெரியலன்னா வாசிக்கிறவருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, அதனால பேரும் அந்த திசைய தான் சொல்லணும்.

கண்ணு வேலை செய்யுற விதத்தப் பாத்தா இது புரியும். எழுத்து படிக்க நாம நம்புற இடம் விழித்திரையோட நடுக்குழி, அதோட மையத்துல நல்ல வெளிச்சம் வேணுங்கற கூம்பு செல் மட்டும் தான் இருக்கு. மங்கலான வெளிச்சத்துல உதவுற குச்சி செல் எல்லாம் சுத்தி தான் இருக்கு, அதுவும் இருட்டுக்கு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும், மேடைல பாட்டுக்குப் பாட்டு லைட் மாறும்போது அந்தப் பழக்கம் ஒவ்வொரு தடவையும் கலைஞ்சு போகுது. ஆக ஆம்ப் முகப்புப் பேனல்ல எந்த நாப் எதுக்குன்னு சொல்ற ட்ரெபிள், மிடில், பேஸ்ங்கற பொடி எழுத்த இருட்டுல படிக்க வைக்கப் பாக்குறது வீண் முயற்சி. தடிமனான ஒரு கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கறது மட்டும் தான் நம்பி எடுத்துக்கற அளவுக்கு கண்ணுக்கு எட்டும். ஆரஞ்ச் கம்பெனி 1970கள்ல எழுத்தே இல்லாம வெறும் படக்குறி போட்ட பேனலோட ஆம்ப் வித்தாங்க, அதுல வாசிச்சவங்களும் எது எந்த நாப்னு இடத்த வெச்சே பழகிட்டாங்க தானே.

அந்தக் கோட்டுக்கு நம்மகிட்ட ஏற்கனவே பேர் இருக்கு: முள். கடிகார முள், தராசு முள், மீட்டர் முள். புதுசா "சுட்டி", "காட்டி"ன்னு தேட வேண்டாம், சுட்டிய வேற கம்ப்யூட்டர் மவுஸ் எடுத்துக்கிச்சு. நாப்புல வெள்ளைக் கோடா இருந்தாலும் நுனியே நீண்டு இருந்தாலும் முள் தான். வாக்ஸ் ஏசி 30ங்கற ஆம்ப்லயும் ஃபெண்டர் கம்பெனி ட்வீட் துணி போர்த்தி வித்த பழைய ஆம்ப்லயும் வர்ற நாப்ப இங்கிலீஷ்ல கோழித்தலைன்னு சொல்லுவாங்க, ஒரு பக்கம் கூம்பி நுனி நீட்டிக்கிட்டு இருக்கும், அத நான் கிளிமூக்குக் குமிழ்னு போடச் சொல்லுவேன். கிளிமூக்கு மாங்காய்னு சொன்னா யாருக்கும் விளக்க வேண்டாம், அதே வடிவு. இந்த நாப்ப பாக்கவே வேண்டாம், விரலால தடவினாலே திசை தெரிஞ்சுடும், என்னக் கேட்டா இருட்டு மேடைக்கு இதுக்கு மேல ஒரு நாப் கிடையாது. மார்ஷல் ஆம்ப் நாப்போட தங்க நிறத் தொப்பி வட்டமா வழுவழுன்னு இருக்கும், அங்க விரலுக்கு ஒண்ணும் அகப்படாது, கண்ண தான் நம்பணும்.

ஆனா முள்ளுங்கறதுல ஒரு சிக்கல் இருக்கு, அத யாரும் இன்னும் எழுதல. ஃபெண்டர் 1963 வாக்குல கொண்டு வந்த கறுப்பு பேனல் ஆம்ப்ல நாப்புக்குக் கீழ பாவாடை மாதிரி விரிஞ்ச பகுதில 1லேர்ந்து 10 வரைக்கும் எண் அச்சடிச்சிருக்கும், நாப்பத் திருப்பினா எண் தான் சுத்தும், குறி பேனல்லயே நிக்கும். அதாவது முள் நிலையா இருக்கு, அளவு சுழலுது. வழக்கமான நாப்ல முள் சுழலுது, அளவு நிலையா இருக்கு. அதனால "சுழல்முள்", "நிலைமுள்"னு ரெண்டு சொல் வேணும், இது வெறும் இலக்கணத்துக்காக இல்ல, இருட்டுல ஒளிர்ற பட்டைய எங்க ஒட்டணுங்கறதே இதுல தான் இருக்கு. சுழல்முள் நாப்ல நுனில ஒரு பட்டை ஒட்டினா திசை வந்துடும். நிலைமுள் நாப்ல பேனல்ல மட்டும் ஒட்டினா எப்பவும் ஒரே இடத்துல தான் ஒளிரும், ஒண்ணும் சொல்லாது, நமக்கு வேண்டிய எண் மேலயும் ஒண்ணு ஒட்டணும், அந்த ரெண்டும் நேர்க்கோட்டுல வந்தா சரி. எண்ணப் படிக்கவே தேவையில்ல.

இனி ஒளிர்ற விஷயம். கடைல போய் இருட்டுல ஒளிர்ற பட்டைன்னா எல்லாரும் கேக்குறது "ரேடியம் ஸ்டிக்கர்", அங்க எடுத்துக் குடுக்குறது பெரும்பாலும் லாரி பின்னாடி ஒட்டுற ஸ்டிக்கர். அது தானா ஒளிராது, வந்த வெளிச்சத்த வந்த வழியே திருப்பி அனுப்பும். ரோட்டுல ஹெட்லைட்டும் டிரைவர் கண்ணும் கிட்டக்கிட்ட இருக்கறதால பளிச்னு தெரியுது, மேடைல லைட் உயரத்துல தொங்குது வாசிக்கிறவர் கண்ணு கீழ இருக்கு, வெளிச்சம் அந்த லைட்டுக்கே திரும்பிப் போயிடும், நாப்புல ஒட்டினவருக்கு சாம்பல் பட்டையா தான் தெரியும். ரேடியம்ங்கற ஒரே சொல் ரெண்டு பொருளுக்கும் ஓடுறதால நேரா இந்த நஷ்டம் வருது. இந்த ரெண்டுலயும் ரேடியமே கிடையாது, அது போன நூற்றாண்டோட முன்பாதில வாட்ச் டயல்ல பூசினது, பூசின பொண்ணுங்க நோய்ப்பட்டு செத்தாங்க, அந்தப் பேர கலைச்சொல் பட்டியல்ல ஏத்த எனக்கு மனசே வரல.

தானா ஒளிர்றதுக்கு நின்றொளிர்தல்னு இயற்பியல்ல ஏற்கனவே சொல் இருக்கு, வெளிச்சம் நின்ன பிறகும் ஒளிர்றது. அதையே எடுத்துக்கலாம்: நின்றொளிர் பட்டை, நின்றொளிர் மை, நின்றொளிர் முள். வெறும் "ஒளிர்முள்" போதும்னு ஒருத்தர் எழுதியிருந்தார், சின்னதா அழகா தான் இருக்கு, ஆனா உள்ள எல்இடி வெச்ச நாப்பும் ஒளிர்முள் தான், அதுக்கு கரண்ட் வேணும், இதுக்கு முன்கூட்டியே வெளிச்சம் ஊட்டணும், ரெண்டயும் ஒரே பேர்ல விட முடியாது. இந்தப் பட்டைல ஒளிர்ற பொருள்ல பழைய துத்தநாக சல்ஃபைடு வகை சீக்கிரமே மங்கிடும், 1990கள்ல வந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் மணிக்கணக்குல நிக்கும், அதுலயும் பச்சையா ஒளிர்றத வாங்குங்க, இருட்டுல கண்ணு அதிகம் உணர்ற நிறத்துக்கு அது தான் கிட்ட இருக்கு. சிவப்பு லைட் எவ்வளவு நேரம் பட்டாலும் அதுல ஏறாது, சவுண்ட் செக் முடிஞ்சதும் போன் டார்ச்ச கிட்ட வெச்சு ஒரு நிமிஷம் அடிச்சுடணும்.

நின்றொளிர் பட்டை கிடைக்கலன்னா கறுப்பு நாப்ல வெள்ளைக் கோடு போடுங்க, சிவப்புக் கோடு வேண்டாம். நீல லைட்டுல சிவப்பு கறுப்பாயிடும், வெள்ளை எந்த லைட்டுலயும் அந்த லைட்டோட நிறத்துலயாவது தெரியும்.

மிச்சம் இருக்கறது அந்த லாரி ஸ்டிக்கருக்கு என்ன பேருங்கறது தான். வெளிச்சம் பட்டுத் திரும்பறதுக்கு எங்க தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொல் எதிரொளிப்பு, அதுலேர்ந்து எதிரொளிர் பட்டைன்னு வெச்சா நின்றொளிர் பட்டையோட காதுல ஒண்ணா விழுது, கடைல திரும்ப அதே குழப்பம் வரும். இலங்கைப் பாடப்புத்தகத்துல இதுக்கு தெறிப்புன்னு வருது, "தெறிப்புப் பட்டை"ன்னா தனியா நிக்குது, சொல்லவும் சுலபம். அங்க பேச்சுலயும் அப்படி புழங்குதா, வேற சொல் இருக்கான்னு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கம் உள்ளவங்க எழுதுங்க, பாத்துட்டு இந்தச் சொல் எல்லாத்தையும் சேத்து பட்டியல்ல ஏத்திடலாம்.