சுக்கோய் ஒப்பந்தத்தோடு வந்த விண்வெளி இருக்கை: மலேசியாவுக்கு உண்மையில் என்ன கிடைத்தது?

கிள்ளான் கதிர்
வணக்கம். 2003ல் ரஷ்யாவிடம் 18 சுக்கோய் எஸ்யூ-30எம்கேஎம் போர் விமானங்களை சுமார் 90 கோடி டாலருக்கு வாங்கினோம். அதில் ஒரு பகுதி செம்பனை எண்ணெயாகவே போனது. அந்த ஒப்பந்தத்தின் ஓர் அங்கமாகத்தான் 2007 அக்டோபர் 10ஆம் தேதி நம் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் கஜகஸ்தானிலுள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் சோயூஸ் விண்கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார். ஆயுதம் விற்கிற நாடு எதற்காக விண்வெளிப் பயணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது? அதை இலவசம் என்று சொல்வது சரியா? என் மகள் பள்ளியில் இதைப் பற்றிப் பேசப் போகிறாள், அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சுபாங் ரவி
இலவசம் இல்லை கதிர். பெரிய ஆயுதம் வாங்கும்போது விலையில் ஒரு பங்கை பயிற்சி, உதிரிபாக வேலை, தொழில்நுட்பம் என்று வேறு வடிவில் திருப்பிக் கேட்பது வழக்கம், ஆஃப்செட் என்பார்கள். நமக்கு அதில் ஒன்று இருக்கையாக வந்தது. ரஷ்யாவுக்கு அது பெரிய சுமையும் இல்லை. அப்போது விண்வெளி நிலையத்தில் நின்ற சோயூஸ்தான் அங்கிருந்தவர்களுக்கு உயிர் காக்கும் படகு, அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், எப்படியும் போகிற கப்பலில் மூன்றாவது இடத்தைப் பணக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு 2 கோடி டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 90 கோடி வியாபாரத்தில் அது எவ்வளவு என்று பாருங்கள். நமக்கோ சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு, அரசுக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடைக்காது.

ஈப்போ மலர்
ரவி சொல்வது சரி, ஆனால் வெறும் டிக்கெட் என்று சுருக்கிவிடாதீர்கள். சோயூஸ் இருக்கையில் ஒவ்வொருவர் முதுகுக்கும் தனித்தனியாக பிளாஸ்டரில் அச்செடுத்து மெத்தை செய்வார்கள், தரையில் மோதும்போது முதுகெலும்பைக் காப்பது அதுதான். ஷேக் டிஎம்ஏ-11 என்ற சோயூஸில் போய், ஏற்கெனவே நிலையத்தில் நின்ற டிஎம்ஏ-10ல் இறங்கியதால் அவருடைய மெத்தையை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இறங்கும்போது கப்பல் செங்குத்தான பாதைக்கு மாறி, குறித்த இடத்துக்கு வெகு முன்பே தரை தொட்டது. இந்த ஆபத்துக்குத் தயாராகத்தான் மாஸ்கோ அருகே விண்வெளி வீரர்களுக்கான பயிற்சி மையமான நட்சத்திர நகரில் அவ்வளவு பயிற்சி. அப்புறம், 11,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து தேறிய கடைசி நால்வரில் ஒரே பெண் நம் வனஜா சிவசுப்பிரமணியம். பொறியாளர். மகள் பேச்சில் அந்தப் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

மகேந்திரகிரி மைந்தன்
திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என்னைக் கேட்டால் மலேசியா இன்னும் கெட்டியாகப் பேரம் பேசியிருக்க வேண்டும். பயணம் ஒருமுறையோடு முடிந்துவிடும், தொழில்நுட்பம் கையிலேயே இருக்கும். இந்தியா கேட்டது அதைத்தான்: 1991ல் கிரையோஜெனிக் எஞ்சினோடு (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட் எஞ்சின்) அதன் தொழில்நுட்பத்தையும் தர அன்றைய சோவியத் விண்வெளி அமைப்பான கிளாவ்காஸ்மோஸ் ஒப்புக்கொண்டது. 1992ல் அமெரிக்கா இஸ்ரோ மேலும் கிளாவ்காஸ்மோஸ் மேலும் தடை போட்டது. 1993ல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து எஞ்சின்களை மட்டும் தர முன்வந்தது. அதே ஆண்டுதான் அமெரிக்காவோடு சேர்ந்து விண்வெளி நிலையம் கட்டவும் உடன்பட்டது, பிற்பாடு உங்களுக்குக் கிடைத்த இருக்கை அந்த நிலையத்துக்குத்தான். நாங்கள் சொந்தமாக எஞ்சின் செய்து, இங்கே சோதித்து, அதைப் பொருத்திய ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். இருபது வருடம் பிடித்தது. ஆனாலும் அந்த அறிவை இனி யாரும் எங்களிடமிருந்து எடுக்க முடியாது.

கிள்ளான் கதிர்
எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் ஷேக்குக்கு மாற்று வீரராக இருந்த ஃபாயிஸ் காலித் ஏன் பிறகு போகவில்லை? அடுத்தது அவர்தான் என்றுதானே பேச்சு இருந்தது?

சுபாங் ரவி
2009ல் நிலையத்தில் நிரந்தரமாக ஆறு பேர் தங்கத் தொடங்கினார்கள், சோயூஸின் மூன்று இடமும் அவர்களுக்கே தேவைப்பட்டது. 2011ல் அமெரிக்க விண்ணோடமும் நின்றதும் தன் வீரர்கள் போகும் ஒவ்வோர் இடத்துக்கும் நாசாவே ரஷ்யாவுக்குப் பணம் கட்டியது. அந்த நிலையில் ரஷ்யாவிடம் சலுகையாகக் கொடுக்க இடமே இல்லை. நம் பக்கமும் இரண்டாவது ஆளை அனுப்பும் திட்டத்தைத் தொடரவில்லை. மைந்தன் சொல்வதை நான் ஏற்கிறேன், அந்த 18 விமானத்துக்குப் பேசும்போதே செயற்கைக்கோள் கட்டும் பயிற்சியையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம், வாங்குகிறவன் கை ஓங்கியிருப்பது கையெழுத்துப் போடும் வரைக்கும்தான்.